செவ்வாயின் வானத்தைத் துடைத்தவன்

செவ்வாய்க் கிரகத்தின் வானத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தவன் இந்த உலகத்தில் ஒருத்தன்தான் இருப்பான். அது நான். துடைத்ததைத் திருப்பி அதே இடத்தில் வைத்தவனும் நான்தான். இரண்டையும் ராஜபாளையத்தில் என் கலர் லேபின் மாடியில் உட்கார்ந்த இடத்திலேயே செய்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. எங்கே தொடங்கினேன் என்று தெரிந்தால்தான் எம்புட்டுத் தூரம் வந்திருக்கிறேன் என்று தெரியும், அதற்காகச் சொல்கிறேன். ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் படம் கழுவும் ஆளாகத்தான் சேர்ந்தேன். மருந்துத் தொட்டியில் ஊறி ஊறி விரல் நகமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். சாப்பிடும் சோற்றிலும் அந்த வாடை அடிக்கும். பிறகு சொந்த ஸ்டூடியோ, அதன் பிறகு லேப். கலர் பிரிண்ட் போட மதுரைக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த ஊர்க்காரர்களை என் வாசலில் வரிசையில் நிற்க வைத்தேன். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எந்த வீட்டுச் சுவரை வேண்டுமானாலும் பாருங்கள். அங்கே ஒரு கல்யாணப் படம் தொங்கும். அது என் கை பட்டதாகத்தான் இருக்கும்.

இரண்டு வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்று, ஒட்டு. மில்லின் ஆண்டு விழாவுக்கு வந்த அத்தனை பேரையும் ஒரே படத்தில் கேட்பார்கள். ஒரு லென்சுக்குள் அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று லென்ஸ் வைத்துத் தேடினாலும் கிடைக்காது. இன்னொன்று, துடைப்பு. பிலிமில் தூசி இருந்தால் படத்தில் புள்ளியாக விழும். நுனிப் பிரஷ்ஷில் சாயம் தொட்டு அந்தப் புள்ளியை மறைப்பதைத் தொழிலில் ஸ்பாட்டிங் என்போம். கம்ப்யூட்டர் வந்த பிறகு பிரஷ்ஷுக்குப் பதிலாக மவுஸ். கை மட்டும் அதே கைதான். வானத்தில் ஒரு அழுக்கு, சுவரில் ஒரு கறை, மணமகள் கன்னத்தில் ஒரு பரு என்று எது கண்ணில் பட்டாலும், நான் நினைப்பதற்கு முன்பே என் கை அதைத் துடைத்திருக்கும்.

இந்தக் கையோடுதான் செவ்வாய்க்குப் போனேன்.

கிருஷ்ணன்கோவில் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருத்தர் எங்கள் ஊரில் குடியிருக்கிறார். தினமும் காலையில் கல்லூரி பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் சுத்தத்தில் ஒரு சேலை, கையில் ஒரு பென்டிரைவ் என்று லேபுக்குள் வந்தார்.

"ஐயா, இந்தப் படத்தைப் பெரிசாப் போட்டுத் தருவீங்களா?"

திரையில் போட்டுப் பார்த்தேன். செக்கச் செவேலென்று பொட்டல். கண்ணுக்கெட்டிய வரை கல். நடுவில் வண்டித்தடம்.

"எந்த ஊரும்மா இது? ராமநாதபுரம் பக்கமா?"

"செவ்வாய்க் கிரகம் ஐயா."

"யாரு எடுத்தா?"

"ஆளெல்லாம் கிடையாது. அமெரிக்காக்காரங்க அனுப்புன வண்டி ஒண்ணு அங்க ஓடுது. அதுவே எடுத்து அனுப்பும்."

"அதான பாத்தேன். ஒட்டு பல்லைக் காட்டுதே! மனுசன் ஒட்டுனா இப்படியா ஒட்டுவான்?"

அந்தம்மா முகம் கொஞ்சம் தொங்கியது. "வண்டி துண்டு துண்டாத்தான் அனுப்பும். ஒட்டுனது நான்தான்."

அந்த இடத்தில் வேறு ஆளாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சரம்மா, எப்படி ஒட்டணும்னு காட்டுதேன்" என்றேன்.

அன்றைக்கு அவர் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அந்த வண்டி எடுக்கும் படங்களை அவர்கள் பூட்டி வைப்பதில்லையாம். கழுவாத பிலிம் மாதிரி, வந்தது வந்தபடி உலகத்துக்கே திறந்து விட்டுவிடுகிறார்களாம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். லாரி ஓட்டுகிறவர், நர்சு, பென்ஷன் வாங்குகிறவர் என்று பல நாட்டில் பல பேர் சம்பளமே இல்லாமல் அதை எடுத்து ஒட்டி, வண்ணம் சரிசெய்து, இது என்ன கல், இது ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அதற்கென்று இன்டர்நெட்டில் ஒரு குழு. டீச்சரம்மா அதில் சேர்ந்திருந்தார். அந்தக் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒட்டலாம், ஆனால் படத்தில் இருப்பதை எடுக்கவும் கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது.

நான் தலையை ஆட்டிக்கொண்டேன். அப்போது என் பக்கத்துத் திரையில், செத்துப்போன ஒரு அப்பாவை அவர் மகளின் கல்யாணப் படத்தில் கோட்டு சூட்டோடு நிற்க வைக்கும் வேலை பாதியில் இருந்தது.

மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் தங்கச்சி. கூடப் பிறந்த தங்கச்சி இல்லை. அது என்னை அண்ணாச்சி என்று கூப்பிடும், நான் தங்கச்சி என்பேன். பால்கோவாப் பெட்டிக்குப் புது லேபிள் போட வந்தது. சுவரில் நான் மாட்டியிருந்த செவ்வாய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, "எந்த மில்லை இடிச்சாக அண்ணாச்சி? இம்புட்டுச் செங்கல் கெடக்கு" என்று கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் லேபிளை மறந்துவிட்டுப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. பால் அடுப்பில் இருக்கும்போது கண்ணை அங்கே இங்கே திருப்பாமல் கிண்டிக்கொண்டே இருந்து பழகிய உடம்பு. ஒரே இடத்தை அது பார்க்கும் பார்வை வேறு ஆளுக்கு வராது. நாங்கள் ஒரு கல்லைப் பார்த்தால் அது அந்தக் கல்லின் கீழே ஒதுங்கியிருக்கும் மணலைப் பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப் ஓய்ந்திருக்கும். அதுதான் எங்கள் நேரம். தங்கச்சி வரும்போது வாழை இலைத் துண்டில் இளஞ்சூட்டோடு பால்கோவா வரும். இப்போது லேபைப் பார்த்துக்கொள்வது என் மகன். அவனுக்கு இது பிடிக்கவில்லை.

"கல்யாண சீசன்ல நல்ல கம்ப்யூட்டரைப் பிடிச்சி வச்சிக்கிட்டு மண்ணைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. ஊர்ல சிரிக்காகப்பா."

"சிரிக்கவன் வீட்டு ஆல்பத்தை எல்லாம் நான்தாம்லே போட்டேன். அவன் முழிக்கிற முழி எனக்குத் தெரியும். போ."

நாங்கள் குழுவுக்கு அனுப்பிய முதல் படம் என் முழுக் கைவேலை. அதை ஒளிக்க மாட்டேன். கல்யாண ஆல்பத்தில் வண்ணம் சரிபார்க்க எனக்கு ஒரு கணக்கு உண்டு. மாப்பிள்ளையின் வேட்டியைப் பார்ப்பேன். வேட்டி வெள்ளையாகிற வரைக்கும் வண்ணத்தைத் திருப்புவேன். வேட்டி வெளுத்தால் மற்றது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். செவ்வாயில் வேட்டி கட்டியவன் யாரும் இல்லை. அதனால் வெளிறியிருந்த ஒரு கல்லைப் பிடித்து அதை வேட்டியாக்கினேன். கல் வெளுத்தது. வானம் நம் ஊர் ஐப்பசி வானம் மாதிரி நீலமானது. முன்னால் தரையில் வண்டியின் நிழல் வேறு விழுந்திருந்தது. படமெடுக்கிறவனின் நிழல் படத்தில் விழுவது தொழிலுக்கே அவமானம். அதையும் எடுத்துவிட்டு மண் போட்டு நிரவினேன். டீச்சரம்மாவுக்குக் கல்லூரியில் பரீட்சை நேரம். சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

அந்தக் குழுவை நடத்துகிறவர் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர். அவரிடமிருந்து பதில் வந்தது. டீச்சரம்மா அதைத் தமிழில் சொன்னார். 'அழகான படம். ஆனால் இது உங்கள் ஊர் மாதிரி இருக்கிறது. வண்டியின் நிழல் எங்கே போனது? படத்தில் இருப்பதை எடுப்பது எங்கள் சட்டத்துக்கு விரோதம். இன்னொரு முறை நடந்தால் உங்கள் கணக்கை மூடிவிடுவோம்.'

தங்கச்சி சிரித்த சிரிப்பில் பால்கோவா புரையேறியது. "செவ்வாய்க்கே பவுடர் பூசி விட்டீகளே அண்ணாச்சி!"

அதற்கப்புறம் டீச்சரம்மா ஒரு வழி காட்டினார். அந்த வண்டியின் முதுகிலேயே வண்ணம் பார்ப்பதற்கென்று சின்னதாக ஒரு வட்டத் தகடு பதித்திருக்கிறார்கள். அதை வண்டியே படம் எடுத்து அனுப்பும். அந்தத் தகடுதான் இனி வேட்டி என்று வைத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் குழுவில் என் வண்ணத்தைக் குறை சொல்ல ஆள் இல்லை.

பிறகுதான் பெரிய படம். வண்டி ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றுகொண்டு சுற்றிச் சுற்றி எடுத்தது. எத்தனையோ துண்டு. பல ஞாயிறுகள் உட்கார்ந்து ஒட்டினேன். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே மயிரிழை பிசகாமல் கல்லோடு கல், மணலோடு மணல் சேர்த்தேன். டீச்சரம்மா, "மெஷின்கூட இப்படி ஒட்டாது ஐயா" என்றார். மெஷின் எப்படி ஒட்டும்? அதற்கு மானம் போகிற பயம் இல்லையே. படத்தைக் குழுவுக்கு அனுப்பினோம். எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. டீச்சரம்மாவின் துறைத் தலைவருக்கும் விஷயம் போய், கல்லூரியில் பிள்ளைகளுக்கு இதற்கென்று ஒரு மன்றம் தொடங்கலாம், திறப்பு விழா அன்றைக்கு இந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் டீச்சரம்மா கல்லூரி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே லேபுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயா, வானத்துல எதையாவது தொட்டீங்களா?"

"தொடாம? தூசி இருந்துச்சி. துடைச்சேன்."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். குழுவில் யாரோ ஒருத்தன் எங்கள் படத்தையும் வண்டி அனுப்பிய மூலப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். மூலத்தில் அடிவானத்துக்கு மேலே லேசாகக் கறை மாதிரி இருக்கிறது, இவர்கள் படத்தில் இல்லை, இவர்கள் மறுபடியும் படத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டான். தபால்காரர் ஒரு வாரத்துக்குள் விளக்கம் கேட்டிருந்தார்.

"கறை தெரிஞ்சா எந்த லேப்காரனும் துடைப்பான் டீச்சரம்மா. லென்சுல உள்ள தூசி அது. நான் பாக்காத தூசியா?"

"தூசின்னே வச்சுக்கோங்க. எடுக்கக் கூடாதுன்னுதான சட்டம். கணக்கு என் பேர்ல இருக்கு. பேருக்குப் பக்கத்துல கல்லூரிப் பேரும் இருக்கு. பொய்ப் படம் போட்டாங்கன்னு கணக்கை மூடிட்டா, மன்றத்தை எந்த முகத்தை வச்சித் தொடங்குவேன்? படிச்சுப் படிச்சுச் சேத்த பேரு ஐயா."

என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை. படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் மன்னிக்கும்படியும் எழுதிவிடலாம் என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. இத்தனை வருஷத்தில் என் கையிலிருந்து போன படம் ஒன்றுகூட வேண்டாம் என்று திரும்பி வந்ததில்லை. "ஞாயிற்றுக்கெழம வரைக்கும் பொறுங்க. என் கையால போன பேரை என் கையால கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிக் கொண்டுவரப் போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லும்போது குரல் உறுதியாக இருந்தது. தொழிலில் பாதி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்தோம். நான் துடைக்காத மூலப் படங்களைத் திரையில் போட்டேன். அடிவானத்துக் குன்றுக்கு மேலே, ஊதிவிட்ட மாதிரி ஒரு கறை. அந்தப் பக்கத்தை வண்டி திரும்பத் திரும்ப எடுத்திருந்தது. நான் ஒட்டுவதற்கு அதில் ஒன்றைத்தான் பொறுக்கியிருந்தேன்.

தங்கச்சி முன்னால் குனிந்தது. "அங்கன யாரு அண்ணாச்சி அடுப்பு பத்த வச்சிருக்கா?"

"வெளையாடாதத்தா. டீச்சரம்மா வயித்தெரிச்சல்ல இருக்காக."

"நெசமாத்தான். பொகை மாதிரி இருக்கே. செத்த இருங்க." அது இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தது. பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தது.

"என்ன செய்யுத?"

"எனக்கு கண்ணுல புரை வந்துச்சில்லா, ஆபரேசனுக்கு முந்தி? அப்போ எதைப் பாத்தாலும் மேல ஒரு அழுக்கு நிக்கும். பாலு மேல அழுக்கா, என் கண்ணுல அழுக்கான்னு தெரியாது. ஒத்தக் கண்ணை மூடிப் பாப்பேன். ஒரு கண்ணுக்குத் தெரிஞ்சி இன்னொரு கண்ணுக்குத் தெரியலைன்னா அது என் கண்ணு அழுக்கு. ரெண்டு கண்ணுக்கும் தெரிஞ்சா பாலைத்தான் வடிகட்டணும்." அது திரும்பி டீச்சரம்மாவைப் பார்த்தது. "ஆமா டீச்சர், இந்த வண்டிக்கு ரெண்டு கண்ணுன்னு சொன்னீகளே. இது எந்தக் கண்ணுல எடுத்தது?"

டீச்சரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

அந்த வண்டிக்குத் தலையில் இடதும் வலதுமாக இரண்டு கேமரா. மனுசனுக்கு இருக்கிற மாதிரியே. நான் ஒட்டியது முழுக்க இடது கண் படங்களை வைத்து. வலது கண் படங்களை நாங்கள் இறக்கிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சரம்மா பரபரவென்று தேடி, அதே நேரத்தில் வலது கண் எடுத்ததை இறக்கினார். அது மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பால்கோவாவில் ஈ உட்கார்ந்தது. யாரும் விரட்டவில்லை.

படம் விரிந்தது. அதே குன்று. குன்றுக்கு மேலே அதே கறை.

"ரெண்டு கண்ணுலயும் ஒரே மலை மேல எப்படித் தூசி உக்காரும்?" என்றேன் நான்.

"உக்காராது ஐயா," என்றார் டீச்சரம்மா. "இது லென்சுல இல்ல. அங்க இருக்கு."

"நான் அப்பவே சொன்னேன், அடுப்புன்னு," என்றது தங்கச்சி.

அதற்குப் பிறகு என் வேலை. இருட்டறைக் காலத்தில் இரண்டு படத்துக்கு நடுவே என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தேன். ஒன்றை நெகட்டிவாகவும் இன்னொன்றைப் பாசிட்டிவாகவும் போட்டு, விளக்குப் பெட்டி மேலே ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பேன். இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது ஒன்றை ஒன்று தின்று சாம்பலாகிவிடும். மாறினது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கம்ப்யூட்டரிலும் அதையே செய்யலாம் என்று டீச்சரம்மா சொன்னார். ஆனால் இரண்டு படமும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் அது நடக்கும். இல்லாவிட்டால் கல்லுக்குக் கல் விளிம்பு தெரிந்து ஒன்றும் புரியாது. பொருத்துவதற்கு இந்த ஜில்லாவிலேயே என்னை விட்டால் ஆள் உண்டா? வண்டி திரும்பத் திரும்ப எடுத்த அந்தப் பக்கத்தை ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். டீச்சரம்மா ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். குன்று மறைந்தது, கல் மறைந்தது, மணல் மறைந்தது. திரை முழுக்க வெறும் சாம்பல். அதன் நடுவில், சாய்ந்த தூண் மாதிரி ஒன்று நின்றது. அடுத்த படத்தில் அது கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றது. அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி. ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஓட விட்டோம். அது நடந்து போனது.

தங்கச்சி திரையில் விரலை வைத்தது. "அடுப்பு இல்ல அண்ணாச்சி. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிடுதேன். அடுப்புப் பொகைன்னா அடி நின்ன எடத்துல நிக்கும், தலைதான் ஆடும். இது அடியோட நகருது பாருங்க. இது பேய்க்காத்து."

செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாயில், மத்தியான வெயிலுக்குத் திடீரென்று மண்ணைச் சுழற்றிக்கொண்டு எழும்பிக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு விழுந்துவிடுமே, அதைத்தான் எங்கள் பக்கத்தில் பேய்க்காத்து என்போம். அது செவ்வாயில் நடந்துகொண்டிருந்தது. வெயிலில் தரை சுட்டால் அங்கேயும் அப்படித்தான் எழும்புமாம். குழுவில் மற்ற இடங்களில் எடுத்ததைப் பார்த்திருப்பதாக டீச்சரம்மா சொன்னார். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில், அந்த நாளில், அது எழும்பியதை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது படத்தில் அதன் அடி குன்றுக்குப் பின்னால் மறைந்து தலை மட்டும் தெரிந்தது. அதை வைத்து, அது குன்றுக்கு அந்தப் பக்கம் நடக்கிறது, சின்னக் காற்று இல்லை, நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் போலப் பல மடங்கு உசரம் இருக்கும் என்று டீச்சரம்மா கணக்குப் போட்டார். போட்டதையே திரும்ப இரண்டு முறை போட்டார்.

"எழுதிருவோமா?" என்று கேட்டேன்.

"எழுதிட்டு இல்லைன்னு ஆயிட்டா கணக்கை மட்டும் இல்ல, என்னையும் சேத்துச் சிரிப்பாங்க ஐயா."

"சிரிச்சா ரெண்டு கண்ணையும் காட்டுங்க. அவனுக்கும் ரெண்டு கண்ணு இருக்கும்லா."

டீச்சரம்மா எழுத உட்கார்ந்தார். முதல் வரியில் நான் வானத்தைத் துடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். தாராளமாக எழுதுங்கள் என்றேன். எழுதி வாசித்துக் காட்டினார்: 'எங்களில் ஒருவர் தவறுதலாக...'

"தவறுதலான்னு போடாதீங்க. தொழில் பழக்கத்துலன்னு போடுங்க. என் கை தவறுதலா ஒண்ணும் செய்யாது."

அவர் சிரித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு. அப்படியே எழுதினார். துடைக்காத படத்தையும், இரண்டு கண் படங்களையும், காற்று நடக்கும் ஓட்டத்தையும் சேர்த்து அனுப்பினோம்.

பதில் உடனே வரவில்லை. நான் தினமும் காலையில் டீச்சரம்மா பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்குப் போய் நிற்பேன். அவர் வந்து, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறுவார். நான் டீயை முடித்துவிட்டு வருவேன். மகன்கூட ஒருநாள், "பதில் வந்துச்சாப்பா?" என்று கேட்டான்.

ஒருநாள் அவர் என் பக்கம் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டார். போச்சு என்று நினைத்தேன். பஸ் நகர்ந்தது. திடீரென்று ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு, கையில் போனோடு டீச்சரம்மாவின் தலை வெளியே வந்தது.

"ஐயா! இப்பத்தான் வந்துச்சி! ஏத்துக்கிட்டாங்க!"

பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகள் என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டின. நான் கிளாஸை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன். சந்தோஷம் காலில் வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது டீ மாஸ்டர், "மாப்பிள்ளை வீட்டுல ஏத்துக்கிட்டாகளா அண்ணாச்சி? நல்ல எடமா?" என்றார்.

"கல்யாணம் இல்லப்பா. இது செவ்வாய் விசயம்."

"செவ்வா தோசமா? அதையும் மீறி ஏத்துக்கிட்டாகன்னா பெரிய மனசுதான்."

கடையில் இருந்த எல்லாருக்கும் என் கணக்கில் டீ சொன்னேன். விளக்கமும் சொன்னேன். டீ ஆறிப்போகிற வரைக்கும் சொன்னேன்.

தபால்காரர் எழுதியிருந்ததை ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வாசித்துக் காட்டினார். 'நாங்கள் எல்லாரும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் மேல் குறை சொன்ன நண்பரும் வலது கண் படங்களை எடுத்துச் சரிபார்த்துவிட்டார். உங்கள் கணக்குக்கு ஒரு பழுதும் இல்லை. இந்தக் காற்றைக் கண்டுபிடித்தவர்கள் என்று யார் பெயரைப் போட வேண்டும்?'

டீச்சரம்மா யோசிக்காமல் மூன்று பேர் என்று எழுதினார். யார் பெயர் முதலில் என்பதில்தான் கொஞ்ச நேரம் போனது. வயதுக்கு நான் முதலில் என்றேன். கண்டது யார் என்று தங்கச்சி கேட்டது. அது நியாயம்தான். நான் துடைக்காமல் இருந்திருந்தால் அது தொலைந்தே போயிருக்காது, தொலையாததை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று நானும் கேட்டேன். அதுவும் நியாயம்தான்.

"முதல்ல நீங்களே இருந்துக்கோங்க அண்ணாச்சி. என் பேருக்குப் பக்கத்துல கடைப் பேரு போடுவாகளான்னு மட்டும் கேளுங்க டீச்சர்."

தபால்காரர் கடைப் பெயர் போட மாட்டோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். ஊர்ப் பெயர் போட்டார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இரண்டு பெயரும் அந்தப் பக்கத்தில் செவ்வாய்ப் படத்துக்குக் கீழே நிற்கின்றன. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மன்றத்தின் திறப்பு விழாவுக்குப் படம் அடிக்க வேண்டியிருந்தது. எங்கள் லேபிலேயே பெரிய மெஷினில், கூடத்தின் ஒரு சுவர் முழுக்க வருகிற மாதிரி. இந்த முறை வானத்தில் என் கை படவில்லை. மவுஸைத் தொடும்போது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டேன். ஒரு கல்யாண வீட்டு பேனர் வரிசையில் முந்தி இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு மகனே வந்து படம் அடிக்கும் துணியை மெஷினில் மாட்டினான். நான் கேட்கவில்லை.

மெஷின் ஓட ஆரம்பித்தது. சிவப்பு மண் வரிவரியாக இறங்கியது. கல், வண்டித்தடம், பள்ளத்தாக்கு. டீச்சரம்மாவும் தங்கச்சியும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குன்று வந்தது. குன்றுக்கு மேலே, சாய்ந்துகொண்டு, லேசாக அந்தத் தூண் வர ஆரம்பித்தது. மெஷின் ஓட்டுகிறவர் எங்களிடம் பல வருஷமாக இருப்பவர். என்னிடம் தொழில் பழகியவர். கண்ணில் பட்ட மாத்திரத்தில் ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கி மெஷினை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, இங்க் ஒழுகுது! வானத்துல கறை விழுந்திருச்சி!"

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்தியது.

"ஓட விடுய்யா," என்றேன். "அது இங்க் இல்ல. காத்து."